பெரியப்பா படிக்க, பெரியம்மா அழுத்த

யோசனை வந்தபோது நான் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தேன். வாயில் ஒரு ஸ்க்ரூ, கையில் நெட் வயர்.

செங்கம் ரோட்டை ஒட்டிப் பெரியம்மா வீடு. மாடி அறையை ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். மௌனம் தேடி வருகிறவர்கள்தான், ஆனால் பெட்டியை இறக்கி வைத்தவுடன் கேட்பது வைஃபை பாஸ்வேர்டு. அதற்காக மாடிக்கு ஒரு இன்டர்நெட் லைன் உண்டு. அது படுத்துக்கொண்டால் எனக்குத் தகவல் வரும். இன்ஜினியரிங் முடித்துவிட்டு இந்த ரோட்டுக் கஃபேக்களுக்கும் விடுதிகளுக்கும் ரவுட்டர் மாட்டிக் கொடுப்பதுதான் இப்போதைக்கு என் பிழைப்பு. "நாலு வருஷம் படிச்சிட்டு வயர் இழுக்கிறா" என்று பெரியப்பா என் அப்பாவிடம் சொல்லிச் சிரிப்பார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வருவார்.

அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் ஊருக்குள் இறங்கிவிட்டால் செல்போனில் சிக்னல் கோடு மட்டும் இருக்கும், பேச்சு போகாது. காலி அறைக்கு ஆள் வருவதற்குள் வயரை மாற்றிவிடலாம் என்று மாடிப்படியில் ஏணி போட்டிருந்தேன். படிக்கட்டு ஜன்னல் வழியாகக் கீழே ஹால் தெரிந்தது. பெரியம்மா பழைய பட்டன் போனின் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். அந்த லைன் செத்துப் பல மாதம் ஆகிறது. சாக்கடைக்குத் தோண்டியபோது வயர் அறுந்தது, யாரும் வந்து ஒட்டவில்லை. பெரியம்மா கொஞ்ச நேரம் அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டார். பிறகு முந்தானையால் ரிசீவரைத் துடைத்து வைத்தார். கனடாவில் இருக்கும் அவர் மகள், என் அக்கா, முன்பெல்லாம் கூப்பிடுகிற நேரம் அது.

என் கையில் இருந்தது நெட் வயர். அங்கே இருந்தது போன். நடுவில் ஒரு டப்பா வைத்தால் போதும் என்று பளிச்சென்று பட்டது. அப்படி ஒரு டப்பா இருக்கிறது, அடாப்டர் என்பார்கள். ஒரு பக்கம் நெட் வயரைச் சொருகி, மறுபக்கம் சாதாரண வீட்டுப் போனைச் சொருகினால் பழைய போனிலேயே இன்டர்நெட் வழியாகப் பேசலாம். ஸ்க்ரூவைத் துப்பிவிட்டு இறங்கினேன்.

ஏன் ஒரு செல்போன் வாங்கித் தரக்கூடாது என்று கேட்பீர்கள். அந்த வீட்டு வாசற்படியைக் கண்ணாடி போன் தாண்டக்கூடாது. அக்கா, பெரியம்மாவின் ஒரே மகள், தானே பார்த்துக்கொண்ட ஆளைக் கட்டிக்கொண்டு போனவள். அந்தப் பேச்செல்லாம் செல்போனில்தான் நடந்தது என்று தெரிந்த அன்றைக்குப் பெரியப்பா அவள் போனைக் கிணற்றில் போட்டார். அவள் பார்க்கும்படி, நிதானமாக, கயிற்றில் கட்டி இறக்குகிற மாதிரி கையை நீட்டிவிட்டுப் போட்டார். இன்றைக்கும் நான் என் போனைச் செருப்புப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். அதோடு, பெரியப்பா மொட்டைமாடியில் கற்பூரம் ஏற்றி, மலையைப் பார்த்து ஒரு சத்தியம் வேறு: என் கையால் அவளைக் கூப்பிட மாட்டேன்.

அக்கா விடாமல் கூப்பிட்டாள். பெரியப்பா எடுப்பார், குரல் கேட்டதும் வைத்துவிடுவார். ஒருநாள் வைக்காமல் ரிசீவரை மேஜையில் படுக்கப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவள் அப்பா அப்பா என்று பேசிக்கொண்டே இருந்தாள். இவர் ரசம் வரைக்கும் வந்தார். அதற்குப் பிறகு அவள் எனக்கு மெசேஜ் போட்டாள்:

"இனிமே நான் கூப்பிட மாட்டேன். அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து கூப்பிடட்டும். நீ நம்பர் போட்டுக் குடுத்தன்னு தெரிஞ்சா கட் பண்ணிடுவேன். குழந்தை பொறக்கிறதுக்குள்ள வரலைன்னா இந்த நம்பரையே மாத்திடுறேன். அப்பறம் உங்க யாருக்கும் நான் இல்ல."

பெரியம்மா மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து பேசுகிறேன் என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தாளை விட்டுட்டு இவங்க மட்டும் திருட்டுத்தனமா பேசறதுக்கு நான் என்ன கள்ளக் கடத்தலா?" என்று எழுதினாள். வளர்ப்பு அப்படி. அப்பாவின் மகள்.

அடாப்டரைக் கொண்டுபோய் மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. பெரியம்மா ரிசீவரை எடுத்தார், உள்ளே டயல் டோன். அந்த ரீங்காரத்தைக் கேட்டு அவர் முகம் போன போக்கைப் பார்த்துக்கொண்டே பெரியப்பா சொன்னார்:

"உங்க அக்காவும் இப்படித்தான் கம்ப்யூட்டர் வயர்னு ஆரம்பிச்சா."

பெரியம்மா அன்றைக்கு அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. மறுநாளும் இல்லை. ஓட்டல் சாம்பாரில் வயிறு கெட்ட பிறகு பெரியப்பா இறங்கி வந்தார், ஆனால் தன் சத்தியத்தைக் கீழே போடாமல் இறங்கினார். பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறார்கள். போன் பட்டன்களைத் தடவித் தெரிந்துகொள்வார், எழுதி வைத்த நம்பரைப் படிக்க முடியாது. நம்பரோ வெளிநாட்டு நம்பர், முன்னால் ஒட்டுவதையும் சேர்த்தால் ரயில் மாதிரி நீளம்.

"நான் படிக்கிறேன்" என்றார் பெரியப்பா. "அழுத்தறது அவ பாடு. என் கை படாது. நாளைக்கு எவனும் நான் தடுத்தேன்னு சொல்லக்கூடாது பாரு."

அப்படித்தான் ஏற்பாடு. பெரியப்பா படிக்க, பெரியம்மா அழுத்த. காலையில் அவர் வாக்கிங் முடித்து வந்து காபி குடித்தவுடன். இங்கே காலை என்றால் அங்கே முன்னிரவு, அக்கா வேலை முடித்து வீட்டில் இருப்பாள்.

முதல் நாள் போகவில்லை. பெரியம்மா என்னை அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்க விடுவதில்லை. "நீ மேல போடி கண்ணு. எங்க கேவலத்தை நீ வேற பாக்கணுமா?" நான் மாடியில் ரவுட்டர் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். கீழேயிருந்து குரல் வந்தது: "போகலடி."

இறங்கிப் போய் அதே ரிசீவரில் கனடாவிலேயே இருக்கும் என் கல்லூரித் தோழிக்கு அழுத்தினேன். ஒரே ரிங். "என்னடி, புது நம்பரா இருக்கு?" தெளிவாகக் கேட்டது. வைத்துவிட்டு, "போவுதே பெரியம்மா" என்றேன்.

"உனக்குப் போவுது" என்றார் பெரியப்பா, பேப்பரைத் திருப்பிக்கொண்டே. "இவ ராசி அது."

அடுத்தடுத்த நாள்களில் நான் அந்த டப்பாவைப் படுத்தியபாடு கொஞ்சமில்லை. அணைத்துப் போட்டேன். வயரை மாற்றினேன். ரவுட்டரில் இந்த மாதிரிப் பேச்சுகளுக்கு இடைஞ்சல் செய்யும் ஒரு செட்டிங் இருக்கும், அதை அணைத்தேன். இன்டர்நெட் போன் இணைப்பு தருகிற கம்பெனிக்கு மெயில் போட்டேன், எங்கள் பக்கம் எல்லாம் சரி என்று பதில் வந்தது. போனில் ஏழாம் பட்டன் ஒட்டிக்கொள்கிறதோ என்று கழற்றித் துடைத்தேன். உள்ளிருந்து ஒரு கரப்பான்பூச்சி வந்தது, பட்டனில் குறையில்லை. நான் அழுத்தினால் ஒவ்வொரு முறையும் போனது. அவர்கள் அழுத்தினால் ஒருமுறையும் போகவில்லை. வீட்டில் அம்மா, "அக்காவுக்குப் புத்தி கலங்கிப் போச்சி, தப்புத் தப்பா அழுத்துது போல" என்று தன் உடன்பிறப்பைப் பற்றிச் சர்வ சாதாரணமாகச் சொன்னாள்.

அதன் நடுவில்தான் அந்தப் பெண் வந்தாள்.

ஒருநாள் காலை மாடியில் உட்கார்ந்திருக்கும்போது கீழே பெரியம்மா பேசுவது கேட்டது. போய்விட்டது, அக்கா எடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அம்மா, நீ யாருன்னு தெரியல. நான் அவளைப் பெத்தவ. அவகிட்ட கொஞ்சம் குடும்மா. ஒரே ஒரு வார்த்தை... நீ பேசறது எனக்குப் புரியல தாயி. நான் சொல்றதை மட்டும் கேளு. மாசமா இருக்கிற பொண்ணு. சண்டை போட வரல நான். குடும்மா."

நான் இறங்கி வந்தபோது ரிசீவரை வைத்துவிட்டிருந்தார்.

"ஒரு பொம்பளைப் புள்ள எடுத்துச்சி" என்றார் என்னிடம். "இங்கிலீஷ்ல சொன்னதையே சொல்லுது. குடுக்க மாட்டேங்குது."

"உன் பொண்ணு பெரிய ஆபீசர்" என்றார் பெரியப்பா. "ஆள் வெச்சிப் பேச வெக்கிறா. உங்கிட்ட பேச அவளுக்கு நேரமில்லையாம்."

எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. அக்காவுக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன், யாரை வைத்து எடுக்கச் சொன்னாய் என்று. "எனக்கு எந்தக் காலும் வரல. நீங்க எல்லாரும் சேர்ந்து கதை கட்டறீங்களா?" என்று பதில்.

மறுநாள் காலை லேப்டாப்பில் டப்பாவின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். டப்பா வெளியே அனுப்புகிற ஒவ்வொரு நம்பரையும் அதில் பார்க்கலாம். படிக்கட்டுக் கதவையும் திறந்து வைத்தேன். கீழே ஆரம்பித்தார்கள்.

"சைபர், சைபர், ஒண்ணு."

"சைபர், சைபர், ஒண்ணு. போட்டுட்டேன்."

"அஞ்சு, ஒண்ணு."

"அஞ்சு. ஒண்ணு."

"ஒரு தடவை போட்டியா, ரெண்டு தடவை போட்டியா?"

"ஒரு தடவைதான்."

"நிச்சயமா? குருட்டாம்போக்கில அழுத்தித் தொலைக்காத."

"கண்ணு தெரியலைன்னாலும் எண்ணத் தெரியும் எனக்கு."

"எண்ணுவ எண்ணுவ. மூணு வருஷம் உன் மூக்குக்குக் கீழ பேசினா, அதை எண்ணினியா?"

பெரியம்மா பதில் சொல்லவில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மௌனத்தில், என் கண்ணெதிரே, டப்பா நம்பரை அனுப்பிவிட்டது. சைபர் சைபர் ஒன்று ஐந்து ஒன்று. அவ்வளவுதான். மீதி நம்பர் இன்னும் பெரியப்பா வாயில் இருந்தது.

இந்த டப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பட்டன்களை அழுத்திக்கொண்டே வரும்போது நடுவில் நாலு நொடி சும்மா இருந்தால், நம்பர் முடிந்தது போல என்று நினைத்து, அதுவரை வந்ததை அனுப்பிவிடும். நான் அழுத்தும்போது மூச்சு விடாமல் அழுத்துகிறேன். இவர்கள் ஒவ்வொரு இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஒருவரை ஒருவர் குத்தி, குத்து வாங்கி, ஆறி, அடுத்ததற்குப் போகிறார்கள். அரை நம்பர் கிடைத்த கம்பெனி மெஷின் சில நாள் வெறும் பீப் ஒலியோடு நிறுத்திவிட்டு, சில நாள் இங்கிலீஷில் ஒரு பெண் குரலை ஓடவிட்டிருக்கிறது: நீங்கள் அழைத்த எண் முழுமையாக இல்லை, சரிபார்த்து மீண்டும் அழைக்கவும்.

பழைய பதிவுகளைப் பின்னோக்கித் தள்ளினேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்தில் அறுந்திருந்தது. எந்த எண்ணுக்குப் பிறகு சண்டை வந்தது என்று தேதிவாரியாகச் சொல்லிவிடலாம் போலிருந்தது.

கீழே பெரியம்மா, ஆள் எடுத்துவிட்ட நினைப்பில் மீதி நம்பரை விட்டுவிட்டு, மறுபடி அந்தக் குரலிடம், "தாயி, இன்னைக்காவது குடும்மா" என்றார்.

பெரியப்பா வேங்கிக்கால் பக்கம் ஓர் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க இங்கிலீஷில் ஃபைல் எழுதியவர். ரிசீவருக்கு ஒட்டிய நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் போனின் ஒலி பக்கத்து அறைக்கே கேட்கும்.

அவர் பின்பக்கம் கீரைப்பாத்திக்குத் தண்ணீர் விடும்போது போய் நின்றேன்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு உங்களுக்குத் தெரியும்ல, பெரியப்பா."

"தெரியும்."

"மெஷின்னு தெரியும்."

"அதான் தெரியும்னு சொல்றேன்ல."

"அப்பறம் ஏன் பெரியம்மாவை அதுகிட்ட கெஞ்ச விட்டீங்க?"

ட்யூப்பை அடுத்த பாத்திக்கு மாற்றினார். "கெஞ்சினா கொறைஞ்சா பூடுவா? இந்த ஊர்ல நான் எத்தனை பேர்கிட்ட கெஞ்சினேன்னு அவளுக்குத் தெரியுமா? பொண்ணு எங்கன்னு கேட்டவன்கிட்டல்லாம் படிக்கப் போயிருக்கா படிக்கப் போயிருக்கான்னு. அவளும் கொஞ்சம் கெஞ்சட்டும்." பிறகு என் காலைப் பார்த்து, "ஒதுங்கு, கீரையை மிதிக்கிற."

பெரியம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அது மனுஷி இல்ல பெரியம்மா. மெஷின். ஒரே பேச்சைத் திருப்பித் திருப்பிப் போடும்."

அவர் புளி கரைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"மெஷினா?" என்றார். "அதான் அவ்ளோ பொறுமையா கேட்டுச்சா."

மறுபடி கரைக்க ஆரம்பித்தார்.

சரிசெய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. காத்திருக்கும் நேரத்தை அந்த டப்பா அனுமதிக்கிற உச்சத்துக்கு ஏற்றிவிட்டேன். ஒரு முழுச் சண்டை போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் தாங்கும். இரண்டு பேரிடமும் அதைச் சொன்னேன். "இனிமே நிறுத்தி நிதானமா அழுத்தலாம். போயிடும்." பெரியம்மா தலையாட்டினார். பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

அடுத்த காலை முழு நம்பரும் போனது. மாடியில் திரையில் பார்த்தேன், கடைசி எண் வரை. கீழே மணி அடிக்கிற ஓசை. பெரியம்மா புடவையைச் சரிசெய்துகொள்வது கூடக் கேட்டது போல் இருந்தது. யாரோ எடுத்தார்கள், ஆண் குரல்.

"மாப்பிள்ளைங்களா?" என்றார் பெரியம்மா. அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "நல்லா இருக்கீங்களா? நான் அத்தை பேசறேன். இத்தனை நாள் நாங்க பண்ணினது தப்புதான்..."

எதிரில் ஏதோ இரண்டு வார்த்தை. பிறகு வைத்துவிட்டார்கள்.

"யாருங்க அது?" என்று பெரியம்மா கேட்டார்.

"வேற யாரு, அவன்தான்" என்றார் பெரியப்பா. "பேச மாட்டானாம். இதுக்குத்தான் இவ்ளோ நாளா துள்ளின."

நான் எழுந்து பாதிப் படி இறங்கினேன். பிறகு என்னவோ தோன்றி, திரும்பிப் போய்த் திரையை இன்னொரு முறை பார்த்தேன். அக்கா நம்பர் எனக்கு மனப்பாடம். திரையில் இருந்தது அது இல்லை. கடைசியில் இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன.

கை தவறியிருக்கலாம் என்று விட்டேன். அதற்கடுத்த காலை இடம் மாறியது நடுவில். எடுத்தது யாரோ கிழவி, அவளையும் பெரியப்பா மாப்பிள்ளையின் தாய் ஆக்கிவிட்டார். பெரியம்மா ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அழுத்துகிறார். நான் கேட்டேன். அவர் சொன்னதும் திரையில் வந்ததும் ஒன்று. படித்ததுதான் வேறு. பழைய அரை நம்பர்களை எடுத்து அக்கா நம்பரோடு ஒட்டிப் பார்த்தேன். அத்தனையும் சரியாக இருந்தன, ஓர் எண் பிசகவில்லை. மெஷின் தடுத்துக்கொண்டிருந்த வரைக்கும் பெரியப்பா உண்மையான நம்பரைத்தான் படித்திருக்கிறார். தடுக்கிற வேலையை நான்தான் அவர் கையில் கொடுத்திருக்கிறேன், விளக்கம் எல்லாம் சொல்லி.

இன்று காலை அக்காவின் மெசேஜ்: "அடுத்த வாரம் அட்மிட் ஆகச் சொல்லிட்டாங்க. ஒண்ணும் வரல. பரவால்ல, எதிர்பார்க்கல."

"ட்ரை பண்றாங்கக்கா. ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்றாங்க."

"எங்கப்பாவா? ஜோக் அடிக்காதடி. சிரிச்சா வயிறு வலிக்குது."

பெரியப்பா பொய் படிக்கிறார் என்று பெரியம்மாவிடம் சொல்லலாம். சொன்னால் அடுப்பு மறுபடி அணையும், பெரியப்பா இந்த முறை இறங்கி வர மாட்டார். அக்கா கேட்டது இரண்டு பேரையும். நான் படித்துக் காட்டினால் அக்கா கேட்கிற முதல் கேள்வியே, படித்தது யாரு என்பதுதான், பெரியம்மாவுக்குப் பொய் வராது. ஆக, படிப்பது அவராகத்தான் இருக்க வேண்டும், அழுத்துவது இவராகத்தான் இருக்க வேண்டும். மிச்சம் இருப்பது டப்பா ஒன்றுதான்.

மதியம் முழுக்க அதோடு உட்கார்ந்தேன். அழுத்துகிற நம்பரை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று டப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு விதி எழுதினேன்: சைபர் சைபர் என்று ஆரம்பித்து என்ன வந்தாலும் சரி, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நான் சொல்கிற நம்பருக்கு அனுப்பு. முதலில் தோழியின் நம்பரைக் கொடுத்துச் சோதித்தேன். பெரியம்மா தூங்கும் நேரத்தில் கீழே போய், சைபர் சைபருக்குப் பிறகு கைக்கு வந்த எண்களை அழுத்தினேன். அங்கே அவளுக்கு நடுராத்திரி. எடுத்துத் திட்டினாள். வேறு எண்களை அழுத்தினேன். மறுபடி அவளே எடுத்து, இன்னும் மோசமாகத் திட்டினாள். பிறகு தோழியின் நம்பரை அழித்துவிட்டு அக்காவின் நம்பரை வைத்தேன்.

நாளைக் காலை பெரியப்பா வாக்கிங் முடித்து, காபி குடித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படிப்பார். இந்த முறை எந்த இரண்டு எண்ணை மாற்றலாம் என்று நடக்கும்போதே யோசித்து வைத்திருப்பார். பெரியம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி அழுத்துவார். நான் மாடிக்குப் போவதற்கு முன்னால் பெரியப்பா நாற்காலியைப் போனுக்கு இன்னும் நெருக்கமாக, எதிர்முனைக் குரல் ஒரு சொல் விடாமல் அவர் காதில் விழும்படி, நகர்த்திப் போட்டுவிட்டுப் போகப் போகிறேன்.